மாறக்கூடாத காயம்

முதலில் நான் என் கண்ணைச் சந்தேகப்படவில்லை. கண்டி டவுனைத்தான் சந்தேகப்பட்டேன்.

மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் நடந்தால் யாராவது வந்து என் வலது தோளில் இடித்துவிட்டுப் போவார்கள். பாடசாலைப் பிள்ளைகள், சாமான் பையோடு வரும் பெண்கள், குடை பிடித்த பெரிய மனிதர்கள், எல்லாருமே. ஊரில் மரியாதை கெட்டுப்போய்விட்டது என்று கடைக்கு வந்து புலம்புவேன். ஒரு நாள் ஒருவரை நடுத்தெருவில் நிறுத்தி, "கண்ணு தெரியலயா உங்களுக்கு?" என்று ஏசிவிட்டேன். பாவம், அவர் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலகிப் போனார். கண் தெரியாதவள் நான்தான் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதை எழுதுவது, என்னைப் போல் கண்ணில் அழுத்தம் ஏறி ஒப்பரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்காக. நான் டொக்டர் இல்லை. கணவரோடு சேர்ந்து கண்டியில் ஒரு சின்னத் துணிக்கடை நடத்துகிறவள். வீடு கம்பளையில். சாரிக்குப் பொருத்தமான ஜாக்கெட் துணி எடுத்துக் கொடுப்பதுதான் கடையில் என் வேலை. ஒரே மாதிரித் தெரியும் சிவப்புகளைப் பரப்பி வைத்தாலும் இந்தச் சாரிக்கு இதுதான் என்று கை வைத்துவிடுவேன். அந்தத் திமிரும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

வாசிக்கும் கண்ணாடியை மாற்றப் போன இடத்தில்தான் விஷயம் வெளிப்பட்டது. கண்ணைச் சோதித்த பெண் இடது கண்ணை மூடச் சொன்னாள். மூடினேன். எதிரில் இருந்த எழுத்துப் பலகை காணாமல் போனது.

"லைட்டப் போடுங்க" என்றேன்.

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் ஒரு துண்டு எழுதிக் கையில் கொடுத்து, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள்.

அங்கே கண்ணின் அழுத்தத்தைப் பார்த்தார்கள். பிறகு பார்வைப் பரப்புப் பரிசோதனை (ஒரு பெரிய கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும்). வலது கண்ணுக்கு நான் பொத்தானை அழுத்தியதே அபூர்வம். கருவிதான் பழுது என்று நினைத்துக்கொண்டேன். படம் வந்தபோது வலது கண் கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பு. இடது கண்ணில் மூக்குப் பக்கமாக ஒரு கறுப்புத் துண்டு தொடங்கியிருந்தது.

நோயின் பெயர் கிளோகோமா (கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பது). எங்கள் பக்கத்தில் கண் பிரஷர் என்பார்கள். எனக்கு வலி இருந்ததில்லை, கண் சிவந்ததில்லை, நீர் வடிந்ததில்லை. ஒரு கண்ணுக்குத் தெரியாததை மற்றக் கண் பார்த்துச் சமாளித்து வந்திருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு இது இருந்தால் கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் கண் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் மறந்துபோகும்.

பெரிய டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. மூடி மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. போன பார்வை போனதுதான், வலது கண்ணில் இனிக் காப்பாற்ற அதிகம் இல்லை, இடது கண்ணை விட்டுவிடக் கூடாது என்றார். எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒன்றுதான்.

அன்று கம்பளை பஸ்ஸில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் என் கணவரை நடுங்க வைத்தது. பேராதனை தாண்டியதும் மெல்ல என் பக்கம் சாய்ந்து, "என்னயாச்சும் ஏசேன். நீ இப்படி இருந்தா எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

"ஏசுறதுக்கு ஒன்னுமில்லங்க. பேசாம வாங்க" என்றேன். அதிலேயே அவருக்குப் பாதி உயிர் வந்தது.

சொட்டு மருந்துகளோடு கொஞ்ச காலம் ஓடியது. ஒன்று போதாமல் இன்னொன்று, அதுவும் போதாமல் மூன்றாவது. இமை கறுத்தது, கண் எரிந்தது, கடையில் சாரியை விரித்துக்கொண்டே சொட்டு விட்டுக்கொள்ளப் பழகினேன். அப்படியும் இடது கண்ணின் கறுப்புத் துண்டு அடுத்தடுத்த படங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. இனி ஒப்பரேஷன்தான் என்று பெரிய டொக்டர் முடிவு செய்தார்.

ட்ரபெகுலெக்டமி (மேல் இமைக்குள் மறையும் இடத்தில், கண்ணின் வெள்ளைப் பகுதியில் நீர் வடிய ஒரு சின்ன வழி வெட்டி, அதன் மேல் மெல்லிய சவ்வைத் தைத்து மூடுவது) என்பது அதன் பெயர். கண்ணில் கத்தி. அதுவும் இருக்கிற ஒரே கண்ணில்.

எங்களுக்கு விளக்கிச் சொல்ல வந்தவர் பெரிய டொக்டருக்குக் கீழே வேலை செய்த இளம் டொக்டர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கருவியில் நாடியை ஊன்றிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது, அவர் என் கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஆசைப்பட்டு மேல் காதில் ஒரு தோடு குத்திக்கொண்ட இடத்தில் சதை தடித்து, மொச்சைக்கொட்டை அளவுக்கு உருண்டு நிற்கும். முடியை இழுத்துவிட்டு அதை மறைப்பது என் வழக்கம்.

"இது எப்ப வந்தது, அம்மா?" என்றார்.

"காது குத்துனப்பங்க. புண்ணு சட்டுனு ஆறிருச்சு. ஆறுனது அதோட நிக்காம வளந்துருச்சு."

"வேற காயங்களும் இப்பிடித்தான் தடிக்கிறதோ?"

"என் ஒடம்பே அப்படித்தாங்க. எந்தக் காயமும் தங்காது" என்றேன், பெருமையாக.

அவருக்கு அது பெருமையாகப் படவில்லை. பெரிய டொக்டரிடம் போய் ஆங்கிலத்தில் பேசிவிட்டு வந்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஐயா, கவனமாக் கேளுங்கோ. தண்ணி வடியிறதுக்கு கண்ணில ஒரு வழி வெட்டுறம். அதில தழும்பு விழாம இருக்க ஒரு மருந்து வைப்பம். மைட்டோமைசின் எண்டு பேர். இது கான்சருக்கும் குடுக்கிற மருந்துதான். பயப்பிடாதேங்கோ, அம்மாவுக்குக் கான்சர் இல்லை. நாங்கள் வைக்கிறது துளியளவு. முக்கியமான விசயம், இந்தக் காயம் மாறக்கூடாது. மாறினா பிரஷர் திரும்ப ஏறிடும். விளங்கினதோ?"

"வெளங்குதுங்க" என்றோம், இருவரும் ஒரே குரலில்.

நாங்கள் விளங்கிக்கொண்டது வேறு. துணிக்கடையில் 'மாறாது' என்பது நல்ல வார்த்தை. கலர் மாறாது, கரை மாறாது என்று சொல்லித்தானே நாங்கள் விற்கிறோம். யாழ்ப்பாணத்து வாடிக்கையாளர்களும் கடைக்கு வருவார்கள், ஆனால் காயத்தைப் பற்றி எங்களோடு யாரும் பேசியதில்லை. தைத்தது தைத்தபடி, இடம் மாறாமல், தழும்பில்லாமல் சுத்தமாக ஆறிவர வேண்டும், அதற்கு ஒரு விசேஷ மருந்து வைக்கிறார்கள் என்றுதான் எங்களுக்குப் பட்டது. வெளியே வந்ததும் என் கணவர், "பார்த்தியா, தழும்பு கூட விழாதாம். கல்யாணப் பொண்ணுக்குப் பண்ற மாதிரி பண்றாங்க" என்று கேலி செய்தார்.

ஒப்பரேஷன் அன்று கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள். முகத்தைத் துணியால் மூடி, அந்தக் கண்ணுக்கு மட்டும் வழி விட்டார்கள். நினைவு முழுக்க இருந்தது. வலி இல்லை, யாரோ நெற்றிக்கு மேலிருந்து மெதுவாக அழுத்துவது போல ஓர் உணர்வு மட்டும். பெரிய டொக்டர் சிங்களத்தில் நர்ஸோடு ஏதோ வீட்டுக் கதை பேசிக்கொண்டே வேலை செய்தார். அவர் கதை பேசியது எனக்குத் தைரியமாக இருந்தது.

திடீரென்று பேச்சு நின்றது. "அம்மா, இப்ப அந்த மருந்தை வைக்கிறம், ஆடாதேங்கோ" என்று இளம் டொக்டரின் குரல் கேட்டது. மருந்தில் நனைத்த சின்னப் பஞ்சுத் துணுக்கைச் சவ்வுக்குக் கீழே வைத்திருந்தார்கள். ஒருவர் நேரத்தைப் பார்த்துச் சொன்னார். கொஞ்ச நேரம்தான். நேரம் கூடிவிட்டால் அந்த இடம் மெலிந்துபோகும், நீர் அதிகமாக வடிந்து கண் தொய்ந்துவிடும் என்பதால் அத்தனை கவனம். பிறகு பஞ்சை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினார்கள். அது கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது. வீட்டுக் கதை மறுபடி தொடங்கியபோது நானும் மூச்சு விட்டேன்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். முதலில் எல்லாம் பனி மூட்டம். பிறகு பெரிய டொக்டரின் சாரி தெரிந்தது, வெளிர் ஊதா. ஜாக்கெட் அதற்குப் பொருந்தவே இல்லை. வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். அழுத்தம் நன்றாக இறங்கியிருப்பதாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆட்சி என் கணவர் கைக்குப் போனது. குனியாதே, பாரம் தூக்காதே, முகத்தில் தண்ணீர் அடிக்காதே, படுக்கும்போது கண்ணுக்கு மூடி போட்டுக்கொள் என்று டொக்டர்கள் சொன்னது எல்லாம் சரி. அதற்கு மேல் அவராகச் சேர்த்துக்கொண்டவையும் இருந்தன. காயம் சீக்கிரம் ஆறுவதற்கு விரால் மீன் நல்லது என்று யாரோ சொன்னார்கள். கம்பளைச் சந்தையில் மகாவலி ஆற்று விரால் வந்தால் வியாபாரி என் கணவரைத் தேடி ஆள் அனுப்பும் அளவுக்கு ஆகிவிட்டது. விரால் ரசம், விரால் குழம்பு, விரால் பொரியல். விரால் என்ற பேரைக் கேட்டாலே எனக்குக் குமட்டியது.

அத்தோடு முருகன் கோயிலில் நேர்த்தி வேறு. காயம் தழும்பில்லாமல் சீக்கிரம் ஆறினால் வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துவதாக வேண்டிக்கொண்டு வந்திருந்தார். விபூதியை என் நெற்றியில் பூசாமல் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டார். கண்ணில் விழுந்துவிடுமாம். அந்த அளவுக்குக் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டார்.

தவறு சொட்டு மருந்தில் நடந்தது. ஒப்பரேஷனுக்குப் பிறகு இரண்டு மருந்து கொடுத்திருந்தார்கள். ஒன்று கிருமி வராமல் இருக்க. மற்றது ஸ்டெரொய்ட் (வீக்கத்தையும் புண் இறுகுவதையும் அடக்கும் மருந்து), அதைப் பகல் முழுக்க அடிக்கடி விட வேண்டும். அது முடிந்து புதுப் போத்தல் வாங்கப் போனபோது, மருந்துக் கடைக்காரர் பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்.

"இது ஸ்டெரொய்ட். காயம் ஆறுறத கொஞ்சம் சுணக்கும். ஆனா டொக்டர் சொன்ன கணக்குக்கு விடாம போடுங்க."

அவர் சொன்னதில் பிசகே இல்லை. என் கணவர் காதில் முதல் பாதி மட்டும் ஏறியது. வீட்டுக்கு வந்து, "இங்க பாரு, நான் ஒரு பக்கம் விராலா வாங்கிப் போடுறேன். இந்த மருந்து ஒரு பக்கம் ஆறவிடாமப் பண்ணுதாம்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்தச் சொட்டைக் கண்ணில் விட்டால் தொண்டைவரை இறங்கிக் கசக்கும், பார்வையைக் கொஞ்ச நேரம் மங்க வைக்கும். குறைக்க ஒரு சாட்டுக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் என்றே சொல்ல வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சுருக்கிக்கொண்டோம்.

கண் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றியது. உறுத்தல் குறைந்தது. அடுத்த கிளினிக்குக்கு நான் நல்ல சாரி கட்டிக்கொண்டு போனேன்.

இளம் டொக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அழுத்தத்தை அளந்தார், நம்பாதவர் போல இன்னொரு முறை அளந்தார். ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, பிரஷர் ஏறியிருக்கு. தண்ணி வடியிற இடத்தில ஒரு குமிழ் இருக்கவேணும். அது தட்டையாகிக்கொண்டு வருது. சொட்டு மருந்து ஒழுங்கா விடுறீங்களோ?"

நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் முந்திக்கொண்டார். "அந்த ஸ்டெரொய்ட கொறச்சிட்டோங்க. புண்ணு ஆறுறத சுணக்குமாமே. நீங்க பயப்புடாதீங்க, இப்ப நல்லா ஆறி வருது."

டொக்டரின் முகம் மாறிப்போனது. "ஐயா, காயம் மாறக்கூடாது எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்?"

"மாறலயேங்க. தச்சது தச்சபடிதானே இருக்கு. அதுக்குத்தானே விரால் மீனும் குடுக்குறேன்."

டொக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார். "ஐயா, 'மாறுறது' எண்டா நீங்கள் என்னெண்டு விளங்கினனீங்கள்?"

"வேற மாதிரி ஆகுறதுங்க. அதானே?"

"ஐயோ" என்றார் அந்தப் பிள்ளை. "எங்கட பக்கம் காயம் மாறுறது எண்டா, காயம் சுகமாகிறது. ஆறுறது."

அந்த 'ஐயோ' காதில் விழுந்து பெரிய டொக்டர் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்தார். இளம் டொக்டர் அவரிடம் நடந்ததைச் சொன்னார். அவர் நேராக என் முன்னால் வந்து நின்று சிங்களத்திலேயே சொன்னார்.

"மே துவாலய சுவ வென்ன ஹொந்த நே."

இந்தக் காயம் சுகமாகக் கூடாது. அது எங்கள் இருவருக்கும் உடனே விளங்கியது. தமிழில் கேட்டு விளங்காதது சிங்களத்தில் கேட்டு விளங்கிய கதையைச் சொல்லி இப்போது சிரிக்கிறோம். அன்று சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு இளம் டொக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கண்ணில் வெட்டிய வழி ஒரு காயம். உடம்புக்கு அது நன்மைக்காக வெட்டியது என்று தெரியாது. காயத்தைக் கண்டால் மூடத்தான் பார்க்கும். மூடினால் நீர் வடியாது, அழுத்தம் ஏறும், நரம்பு சாகும். தழும்பு விழாமல் தடுக்கிற மருந்து என்றால், சுத்தமாக ஆற வைக்கிற மருந்தில்லை. முழுதாக ஆறவிடாமல் தடுக்கிற மருந்து. ஸ்டெரொய்டும் அதற்குத்தான். என் உடம்பு சட்டென்று ஆறுகிற உடம்பு என்பதால்தான் அவர் அன்று என் காதைக் கண்டு கவலைப்பட்டிருக்கிறார்.

"பிழை எனக்கும் இருக்கு, ஐயா" என்றார். "விளங்கினதோ எண்டு கேட்டன். என்ன விளங்கினது எண்டு கேக்கேல்லை."

உங்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இதுதான். டொக்டர் ஒன்றைச் சொல்லி முடித்ததும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வராதீர்கள். உங்களுக்கு விளங்கியதை உங்கள் வாயால் அவருக்குத் திருப்பிச் சொல்லுங்கள். இது கூடத் தெரியவில்லையா என்று நினைப்பாரோ என்ற கூச்சம் வேண்டாம். அந்தக் கூச்சத்துக்கு நான் ஒரு கண்ணை விலையாகக் கொடுக்கப் பார்த்தேன்.

அன்றே ஊசி போட வேண்டும் என்றார்கள். தடித்து வரும் தழும்பை மெல்லிய ஊசியால் குத்திப் பிரித்துவிட்டு, ஃபைவ் எஃப்யூ (இதுவும் தழும்பைத் தடுக்கும் மருந்து) என்பதைச் சவ்வுக்குக் கீழே செலுத்துவார்களாம். அதற்காக நடைவழியில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தோம். என் கணவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"நானே ஒன் கண்ணக் கெடுத்துட்டேன்ல?" என்றார்.

ஏச வேண்டும் போல இருந்தது. நன்றாக ஏச வேண்டும் போல இருந்தது. ஆனால் சந்தையில் மீன் கூடைகளுக்கு முன்னால் குந்தியிருந்து செவுளைத் தூக்கிப் பார்த்து விரால் வாங்கும் மனிதர் என் கண் முன் வந்தார். எனக்கு அவர் மேல் பாசம்தான் பொங்கியது. அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று அடக்கிக்கொண்டேன்.

"ரெண்டு பேருந்தான் கொறச்சோம். நீங்க மட்டும் பேர் வாங்கிக்கப் பாக்காதீங்க" என்றேன்.

ஊசி பயமுறுத்திய அளவுக்கு வலிக்கவில்லை. எரிந்தது, கண் ரத்தச் சிவப்பாகி, கண்ணாடியில் பார்க்கச் சகிக்கவில்லை. அன்று அழுத்தம் கொஞ்சம் இறங்கியது. அடுத்த முறை மறுபடி ஏறியிருந்தது. மறுபடி ஊசி. ஸ்டெரொய்டைப் பழையபடி அடிக்கடி விட்டோம், இந்த முறை ஒரு சொட்டுக் கூடத் தவறவிடவில்லை. அந்த வாரங்கள்தான் மோசமானவை. காலையில் எழுந்ததும் வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணுக்குச் சுவரில் முருகன் படம் தெரிகிறதா, மயில் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியும். ஆனாலும் நம்பிக்கை வராது. பார்வை சொல்லாமல் கொள்ளாமல் போகும் என்பதை வலது கண் எனக்குக் காட்டியிருந்ததே.

இதற்கிடையில் என் கணவரை இன்னொரு விஷயம் அரித்துக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, "கோயிலுக்குப் போயிட்டு வரலாம், வா" என்றார். போனோம். சன்னதியில் நின்று கண்ணை மூடியவர், சத்தமாகவே வேண்டத் தொடங்கிவிட்டார்.

"முருகா, நான் முன்ன வேண்டிக்கிட்டது தப்பு. எனக்கு வெளங்கல. அந்தக் காயம் ஆறக் கூடாது. எந்தக் காலத்துலயும் ஆறக் கூடாது. கண்மலர் அதே கண்மலர்தான், அதுல மாத்தமில்ல."

தட்டோடு வந்த குருக்கள் அப்படியே நின்றுவிட்டார். "என்ன இப்படி வேண்டுறீங்க? பொண்டாட்டிக்கா?"

"அவளுக்குத்தாங்க. டொக்டரே சொல்லிட்டாரு" என்றார் இவர்.

குருக்களுக்கு விளக்கிச் சொல்லி முடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சிரிப்பை அடக்கவும் முடியவில்லை. நோய் வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அடுத்த கிளினிக்கில் இளம் டொக்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பெரிய டொக்டரைக் கூப்பிட்டார். என் கணவர் என் கையைப் பிடித்தார். பெரிய டொக்டர் குனிந்து, ஆற அமரப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "ஹொந்தய்" என்றார். நன்றாக இருக்கிறது. குமிழ் எழும்பியிருந்தது. அழுத்தம் இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதற்கடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும். பிறகு எடுத்த பார்வைப் பரப்புப் படத்தில் கறுப்புத் துண்டு பழைய அளவிலேயே நின்றிருந்தது. அதைக் கையில் வாங்கியபோது மனதில் பால் வார்த்தது போல இருந்தது. பஸ்ஸில் வரும்போது கெலிஓயாவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். அவர் தூங்கிப்போனார்.

முழுதாகக் குணமாகிவிட்டது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். வலது கண் திரும்பவில்லை, திரும்பாது. தெருவில் நடக்கும்போது என் கணவர் என் வலது பக்கமாக வருகிறார். இடது கண்ணின் மேல் இமைக்கு உள்ளே ஒரு சின்ன நீர்க்குமிழ் இருக்கிறது. கண்ணைச் சுழற்றினால் அது இருப்பது எனக்குத் தெரியும். அந்த இடத்துச் சவ்வு மெல்லியது என்பதால் கிருமி எளிதாக நுழையலாம். கண் சிவந்தால், வலித்தால், பீளை தள்ளினால், பார்வை மங்கினால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இது வாழ்நாள் முழுக்க.

முன்பெல்லாம் என் உடம்பு நான் சொல்வதைக் கேட்கிற உடம்பு என்று நினைத்திருந்தேன். அது தன் பாட்டில் வேலை செய்கிறது. வெட்டினால் மூடுகிறது, கேட்டுவிட்டுச் செய்வதில்லை. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த ஓர் இடத்தில் மட்டும் உன் வேலையைக் காட்டாதே என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன், இதுவரை கேட்டிருக்கிறது. நாட்களும் வேறு மாதிரி ஆகிவிட்டன. தீபாவளிக்கு, தைப்பொங்கலுக்கு என்று எண்ணிக்கொண்டிருந்தவள், இப்போது ஒரு கிளினிக்கிலிருந்து அடுத்த கிளினிக் வரை எண்ணுகிறேன். ஆறிப்போகும் நாளுக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டதால், இன்றைக்குப் பார்க்கக் கிடைத்ததை இன்றைக்கே பார்த்துவிடுகிறேன்.

போன வாரம் புசல்லாவையிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். மகளுக்குக் கல்யாணம், கூறைச்சாரிக்கு ஜாக்கெட் துணி வேண்டும். என் ஒப்பரேஷன் விஷயத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். துணியைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, கண்ணுல காயம்லாம் ஆறிருச்சா?"

"இல்லம்மா, இன்னும் ஆறல" என்றேன். எனக்கே தெரியாமல் முகம் மலர்ந்துவிட்டது.

அவள் கை துணியில் அப்படியே நின்றது. எனக்காக அவள் கண்ணில் நீர் முட்டுவதை, மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே தெளிவாகப் பார்த்தேன்.